கணினிப் பழுதுபார்ப்புச் சான்றிதழ்: பிழைப்புக்கு உதவுமா, சுவருக்கு அழகா?



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுவாரமே நம் குடியிருப்புகளில் துண்டறிக்கைகள் பறக்கத் தொடங்கிவிடுகின்றன. கோயில் வாசலில் ஒன்று, உணவுக்கடைச் சுவரில் ஒன்று, இப்போது புலனக் குழுக்களில் நாளுக்கு நான்கு. "ஆறே மாதத்தில் கணினிப் பழுதுபார்ப்பு வல்லுநர்!", "அனைத்துலகச் சான்றிதழ்!", "படித்து முடித்ததும் வேலை!" என்று அவை முழங்குகின்றன. தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராத பிள்ளையை வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் பெற்றோருக்கு அந்த எழுத்துகள் தெய்வவாக்காகத் தோன்றுகின்றன. உடனே ஓடிப்போய்ப் பணம் கட்டுகிறார்கள். அல்லது கடன் பத்திரத்தில் கையெழுத்து இடுகிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு காலம் எழுத்தறிவித்து அனுப்பிய பிள்ளைகள்தாம் இவர்கள். "ஐயா, இந்தப் படிப்பு நல்லதா? சேர்க்கலாமா?" என்று அவர்களின் பெற்றோர் நம்மைத்தான் வந்து கேட்கிறார்கள். பல ஆசிரியர்கள் "சும்மா இருப்பதற்கு எதையாவது படிக்கட்டுமே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த "எதையாவது" என்ற சொல்லை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கநிலைக் கணினிப் பழுதுபார்ப்புச் சான்றிதழ் தன்னளவில் ஒரு தொழில் ஆகாது. அடுத்த படிக்கு ஏற்றிவிடும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஏற்றிவிடாத சான்றிதழ் எந்த நாட்டு முத்திரையோடு வந்தாலும் நம் பிள்ளைகளின் பணத்துக்கும் காலத்துக்கும் தகுதியற்றது.

மூன்று வகைத் தாள்கள்

கணினிப் பழுதுபார்ப்புச் சான்றிதழ் என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தப் பெயரில் மூன்று வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறியாததே முதல் குழப்பம்.

முதலாவது, பயிற்சி நிலையம் தானே அச்சடித்துத் தரும் தாள். தங்க நிற எழுத்தும் சிவப்பு முத்திரையும் இருக்கும். அந்த நிலையத்தின் கதவுக்கு வெளியே அதற்கு மதிப்பு கிடையாது. இதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, அனைத்துலக நிறுவனங்களின் சான்றிதழ். இவற்றுள் பெயர்பெற்றது 1993-இல் தொடங்கப்பட்ட கம்ப்டியா ஏ பிளஸ். இதற்கு இரண்டு தாள்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். 90 வினாக்கள் வரை வரும். 900-ஐ உச்சமாகக் கொண்ட மதிப்பீட்டில் முதல் தாளுக்கு 675, இரண்டாம் தாளுக்கு 700 எடுத்தால் தேர்ச்சி.

மூன்றாவது, நம் நாட்டு மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ், சுருக்கமாக எஸ்.கே.எம். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா என்று இது ஓர் ஏணியாக அமைந்துள்ளது.

துண்டறிக்கை அச்சிடுவோர் இம்மூன்றையும் ஒரே பானையில் இட்டுக் கலக்குகிறார்கள். முதலாவதை விற்கும்போது இரண்டாவதின் பெயரைச் சொல்கிறார்கள். மூன்றாவதை நடத்தும்போது அது எந்த நிலை என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

சட்டம் கேட்காத சான்றிதழ்

ஒரு கடைவீட்டில் மின்கம்பி இணைப்பு வேலை செய்ய வேண்டுமானால், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் பொறுப்பேற்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டமும் அதன்கீழ் 1994-இல் வந்த விதிமுறைகளும் அப்படிச் சொல்கின்றன. அந்தச் சான்றிதழ் இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையொப்பமிட முடியாது. அங்கே சான்றிதழ் என்பதே வேலை செய்யும் உரிமை.

கணினிப் பழுதுபார்ப்பில் அப்படி ஒன்றும் இல்லை. நம் நாட்டில் எந்தச் சட்டமும் கணினியைத் திறப்பவரிடம் சான்றிதழைக் காட்டு என்று கேட்பதில்லை. 2011-இல் கணினித் தொழிலர்களைப் பதிவு செய்ய ஒரு வாரியம் அமைக்கும் சட்ட முன்வரைவு வந்தது. துறையினரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது, அது சட்டமாகவில்லை. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் அடுக்கடுக்காக இருக்கும் பழுதுபார்ப்புக் கடைகளுக்குச் சென்று பாருங்கள். வாடிக்கையாளர் எவரும் சுவரில் மாட்டிய சான்றிதழைப் படித்துவிட்டு மடிக்கணினியைக் கொடுப்பதில்லை. "எத்தனை நாளில் கிடைக்கும்? எவ்வளவு ஆகும்? உள்ளே இருக்கும் படங்கள் போய்விடுமா?" என்ற மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே, இச்சான்றிதழின் மதிப்பு முழுவதும் வேலை கொடுப்பவர் மனத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அது கூடுதலாக இருக்கக் காரணம் உண்டு. அங்கே பாதுகாப்புத் துறை, தன் கணினிப் பணியாளர்களுக்கு ஏற்கும் சான்றிதழ்ப் பட்டியலை வகுத்தபோது அடிநிலைப் பணிகளுக்கு ஏ பிளஸ் சான்றிதழையும் அதில் சேர்த்தது. அந்தத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் அதையே கேட்டன. இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லாதபோது, அமெரிக்கச் சந்தையின் புகழை எடுத்துவந்து கிள்ளானிலும் சுங்கை சிப்பூட்டிலும் விற்பது எந்த வகையில் நேர்மை?

தேர்வு நடத்துவோரே சொல்வது என்ன?

ஏ பிளஸ் தேர்வை நடத்தும் நிறுவனம், அதை எழுத வருவோருக்குப் பரிந்துரைக்கும் முன்தகுதி எதுவென்று தெரியுமா? கணினி உதவிப் பணியில் ஏறத்தாழ 12 மாத நேரடி அனுபவம்! அது கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், ஓராண்டு வேலை செய்தவனின் அறிவை அளப்பதற்காக வகுத்த தேர்வை, வேலையே பார்த்திராத பிள்ளைக்கு வேலை வாங்கித் தரும் மந்திரமாக இங்கே விற்கிறார்கள்.

பாடத்திட்டத்தையும் பாருங்கள். முதல் தாளில் வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது 25 விழுக்காடுதான். மற்றவை வலையமைப்பு, கைப்பேசிக் கருவிகள், மேகக் கணிமை, பழுது கண்டறிதல். இரண்டாம் தாளில் இயங்குதளமும் பாதுகாப்பும் பணி நடைமுறைகளும் நிறைந்துள்ளன. இது குறையன்று, தொழில் மாறிவிட்டதை அறிந்தே அப்படி வகுத்திருக்கிறார்கள். திரையிலேயே செய்து காட்டும் வினாக்களும் உண்டு. ஆயினும், ஒரு திருப்புளியைக்கூடக் கையில் எடுக்காமல் இத்தேர்வில் தேறிவிடலாம் என்பதும் உண்மை. வினா வங்கிகளை மனப்பாடம் செய்து தேறியவர்களை எந்தக் கடைக்காரரும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்றையும் தமிழாசிரியன் என்ற முறையில் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இத்தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நீளமான சூழ்நிலையைச் சொல்லி, "இவற்றுள் முதலில் செய்ய வேண்டியது எது?" என்று கேட்கும் வினாக்கள் அவை. வாசித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இல்லாத பிள்ளை, கணினி அறிவு இருந்தும் அங்கே தோற்கிறான். ஆகவே, துண்டறிக்கையில் சொல்லாத முதல் முன்தகுதி வாசிப்பு. அது எந்த நிலையத்திலும் ஆறு மாதத்தில் கிடைக்காது. முதலாம் ஆண்டு வகுப்பறையில் நாம் தொடங்கி வைக்க வேண்டியது அது.

தாள்களுக்கும் வயதாகும்

1996-இல் பல்லூடகப் பெருவழி எனப்பட்ட எம்.எஸ்.சி. திட்டம் தொடங்கியபோது நாட்டில் எழுந்த கணினி மோகம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மூலைக்கு மூலை கணினி நிலையங்கள் முளைத்தன. அந்நாளில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எம்.சி.எஸ்.இ. சான்றிதழ் இருந்தால் போதும், வாழ்க்கை உறுதி என்றார்கள். அதற்காக ஆயிரக்கணக்கில் செலவிட்டவர்கள் உண்டு. மனப்பாடம் செய்து வாங்கியவர்கள் பெருகியதால் "காகித எம்.சி.எஸ்.இ." என்று உலகெங்கும் கேலிப்பெயர் பிறந்தது. இறுதியில் 2021 சனவரி 31-ஆம் நாள் அதன் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. வேறு பெயர், வேறு பாடத்திட்டம், வேறு சான்றிதழ்கள் வந்துவிட்டன.

ஏ பிளஸ் சான்றிதழும் 2011-க்கு முன் வாங்கியவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் செல்லும். அதன்பின் வாங்கியவர்களுக்கு மூன்றாண்டுதான். பிறகு தொடர்கல்வி வழியாகவோ மேல்நிலைத் தேர்வு வழியாகவோ புதுப்பிக்க வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு. 2025 தொடக்கத்தில் இந்தச் சான்றிதழ் வணிகம் இரண்டு முதலீட்டு நிறுவனங்களின் கைக்கு மாறியது. வணிகம் செய்வது பிழையில்லை. ஆனால், விற்பவர் சொல்லும் புகழுரையை அறிவுரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எஸ்.கே.எம். சான்றிதழ் இப்படி மூன்றாண்டில் காலாவதி ஆவதில்லை. ஆனால், அதில் கற்ற தொழில்நுட்பம் காலாவதி ஆகும். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மாறிப்போன தொழில்

இருபது ஆண்டுகளுக்கு முன் கணினிப் பழுதுபார்ப்பு என்றால் பெட்டியைத் திறந்து நினைவகத்தை மாற்றுவது, வன்தட்டை மாற்றுவது, மின்வழங்கியை மாற்றுவது, விண்டோஸ் மறுபடி நிறுவுவது. இவ்வளவும் தெரிந்த இளைஞன் வீட்டு வாசலிலேயே சிறு கடை வைத்துப் பிழைக்க முடிந்தது.

இன்று? மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2012-இல் தன் மேக்புக் ப்ரோ வரிசையில் இதைச் செய்தது. பிறரும் அவ்வழியே சென்றார்கள். கழற்றி மாட்டும் வேலை குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவை இரண்டு முனைகள். ஒரு முனையில் உருப்பெருக்கியின் கீழ் தாய்ப்பலகையையே பழுதுபார்க்கும் நுண்தொழில். மறுமுனையில் வலையமைப்பு, பாதுகாப்பு, தரவு மீட்பு, பயனர் உதவி மையம் போன்ற பணிகள். நடுவில் இருந்த எளிய வேலைதான் தேய்ந்துகொண்டு வருகிறது. பல நிலையங்கள் இன்னமும் அந்த நடுப்பகுதியைத்தான் கற்பிக்கின்றன.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள் எத்தனையோ சிறு அலுவலகங்களில் கிடக்கின்றன. இவற்றை என்ன செய்வது? எதை மாற்றலாம், எதற்கு வேறு இயங்குதளம் போடலாம், கணக்குக் கோப்புகளை இழக்காமல் எப்படிப் புதிய கருவிக்குக் கொண்டுபோவது? இதைச் சொல்லத் தெரிந்த இளைஞனுக்கு வேலை இருக்கிறது. ஜொகூரில் ஒன்றன்பின் ஒன்றாக எழும் தரவு மையங்களுக்கும் கம்பிவடம் இழுக்க, வழங்கிகளைப் பொருத்த, இரவுப் பணியில் கண்காணிக்க ஆள் தேவைப்படுகிறது. அங்கே செல்ல வலையமைப்பும் மின்னியலும் ஒழுங்கான பதிவேடும் தெரிந்திருக்க வேண்டும். "பெட்டியைத் திறந்து மூடும்" ஆறு மாதப் படிப்பு அதற்குப் போதாது.

யார் பணம்?

ஏ பிளஸ் தேர்வின் இரு தாள்களுக்கும் அமெரிக்காவில் 500 டாலருக்கு மேல் ஆகிறது. இங்கே விற்கும் விலை மாறுபடலாம். பயிற்சிக் கட்டணம் தனி. தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம். நம் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ஒரு பாதுகாவலரோ துப்புரவுப் பணியாளரோ மாதமெல்லாம் உழைத்து ஈட்டும் பணத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சென்ற ஆண்டு முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் ஒரு தாள்கட்டோடு என்னைப் பார்க்க வந்தார். "ஒரு காசும் கட்ட வேண்டாம், எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார்கள் ஐயா. கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார்கள்" என்றார். வாங்கிப் படித்தேன். அது திறன் பயிற்சிக் கடனுக்கான விண்ணப்பம். உதவித்தொகை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்று மலாயில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த அம்மையாருக்கு அதை யாரும் படித்துச் சொல்லவில்லை. படிப்பு எந்த நிலைக்கானது என்று மகனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தரும் கடனைக் குறை சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு, தெரிந்தே வாங்கும் கடன் நல்ல கருவிதான். கடனை இலவசம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவதைத்தான் சாடுகிறேன். பதினெட்டு வயதில் வேலைக்கு முன்பே கடனாளியாகும் பிள்ளையின் எதிர்காலத்தில் விளையாடும் செயல் அது.

இங்கே இன்னொரு கேள்வி. 2001-ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியப் பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், சட்டம் குறிக்கும் தொழில்துறைகளில், ஊதியத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி நிதியாகக் கட்டுகின்றன. பணியாளர்களைப் பயிற்றுவிக்க அந்த நிதியிலிருந்து நிறுவனங்கள் பணம் பெறலாம். வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆன இளைஞன், "எனக்கு இந்தச் சான்றிதழ்ப் பயிற்சி வேண்டும்" என்று தன் முதலாளியிடம் கேட்க இடமிருக்கிறது. முதலாளியின் நிதியில் வாங்கக்கூடியதைத் தாயின் சங்கிலியை அடகு வைத்து முன்கூட்டியே வாங்குவானேன்?

மறுப்புகளுக்கு மறுமொழி

"சும்மா வீட்டில் இருப்பதைவிட இது மேல் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் இருப்பதோடு ஒப்பிட்டால் எதுவும் மேல்தான். ஆனால், ஒப்பிட வேண்டியது அதனோடு அன்று. அதே ஆறு மாதத்தை எஸ்.கே.எம். ஏணியில் செலவிட்டால் பிள்ளை எங்கே நிற்பான் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

"நேர்முகத் தேர்வுக்கு அழைக்கவாவது சான்றிதழ் வேண்டாமா?" என்பது அடுத்தது. இதில் நியாயம் உண்டு. பன்னாட்டு நிறுவனங்களின் பயனர் உதவி மையங்களில் விண்ணப்பங்களைச் சலிக்கும்போது அறிந்த பெயர் உதவும். ஓராண்டு வேலை பார்த்தபின் அடுத்த நிலைக்குத் தாவ விரும்புபவனுக்கு ஏ பிளஸ் பயன்தரும். இரண்டாவது சான்றிதழாக அதை வரவேற்கிறேன். முதலாவதாக வாங்குவதையே எதிர்க்கிறேன்.

"படிப்பு வராத பிள்ளைக்கு இதுதானே வழி?" இந்தக் கேள்வியைப் பெற்றோரைவிட ஆசிரியர்களே அதிகம் கேட்கிறோம் என்பது வேதனை. படிப்பு வராதவன் கைத்தொழிலுக்குப் போகட்டும் என்ற எண்ணம் தொழிலையும் கெடுக்கிறது, பிள்ளையையும் கெடுக்கிறது. பழுது கண்டறிவது மூளை வேலை. அறிகுறியைக் கேட்டு, காரணங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக நீக்கி, சரிபார்த்து, எழுதி வைப்பது மருத்துவர் செய்யும் அதே வேலைமுறை. இதற்குப் பொறுமையும் தர்க்கமும் வேண்டும். கழித்துக் கட்டிய பிள்ளைகளை அனுப்பும் இடமாக இதைக் கருதும்வரை, நல்ல பிள்ளைகள் இதை நாட மாட்டார்கள்; நாடியவர்களும் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார்கள்.

எந்த ஏணியில் ஏற்றலாம்?

எஸ்.கே.எம். முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். மதிப்பெண் தேவையில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசவும் எழுதவும் தெரிந்தால் போதும். அங்கிருந்து படிப்படியாக மூன்றாம் நிலை; பிறகு டிப்ளோமா; பிறகு உயர் டிப்ளோமா. அதற்கும் மேலே தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் சில பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்கவும் வழியிருக்கிறது. துறைக்குத் துறை நிபந்தனைகள் மாறும். விண்ணப்பிக்கும்முன் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நிலையோடு நின்றுவிட்டால் இந்தச் சான்றிதழும் சுவருக்கு அழகுதான். மூன்றாம் நிலைவரை போக மனமில்லாதவர்கள் இதில் இறங்குவதில் பொருளில்லை.

மனிதவளத் துறையின் அட்டெக் கழகங்களிலும் கல்வி அமைச்சின் தொழிற்கல்லூரிகளிலும் கணினி தொடர்பான படிப்புகள் அரசின் உதவியோடு குறைந்த செலவில் நடக்கின்றன. விண்ணப்பம் இணையத்திலேயே செய்யலாம். ஆனால், விடுதி தூரம், உணவு ஒத்துக்கொள்ளாது, நம் பிள்ளைகள் அங்கே குறைவு என்று பெற்றோர் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது. அந்தத் தயக்கத்தின் விலை என்னவென்றும் கணக்கிட வேண்டும். பக்கத்துக் கடைவீட்டின் மேல்மாடி நிலையத்துக்குப் பல ஆயிரம் கட்டுவது அந்தத் தயக்கத்தால்தான்.

ஏற்கெனவே கடையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் வழி உண்டு. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறையின்கீழ், செய்த வேலைகளின் சான்றுகளைத் தொகுத்துக் கோப்பாக்கி மதிப்பீட்டுக்கு அளித்து எஸ்.கே.எம். பெறலாம். வகுப்பறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. மாமாவின் கடையில் ஐந்தாண்டாக உழைக்கும் எத்தனை இளைஞர்களுக்கு இது தெரியும்? அவர்களுக்குச் சொல்வது நம் கடமை.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

பெற்றோர் கீழ்க்காணும் ஆறு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு நிலையத்துக்குச் செல்லுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

1. சான்றிதழை வழங்குபவர் யார்? நிலையமா, அனைத்துலக நிறுவனமா, திறன் மேம்பாட்டுத் துறையா?

2. எஸ்.கே.எம். என்றால் எந்த நிலை? அந்தப் படிப்பையும் அந்த நிலையையும் நடத்த இந்த நிலையத்துக்கு அங்கீகாரம் உண்டா? அது எந்த நாள்வரை செல்லும்?

3. இதை முடித்தபின் இதே நிலையத்தில் அல்லது வேறிடத்தில் அடுத்த நிலைக்குச் செல்ல முடியுமா?

4. மொத்த நேரத்தில் கையால் செய்யும் பயிற்சி எவ்வளவு? ஒரு கணினிக்கு எத்தனை மாணவர்?

5. கட்டணத்தில் தேர்வுக் கட்டணம் அடங்குமா? இது கடனா, உதவித்தொகையா? கடன் என்றால் எப்போதிலிருந்து, மாதம் எவ்வளவு செலுத்த வேண்டும்?

6. சென்ற ஆண்டு முடித்தவர்களுள் இருவரோடு பேச ஏற்பாடு செய்வீர்களா?

மூன்றாம் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மற்ற ஐந்தும் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் சரி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளைக்கு இதில் நாட்டம் இருக்கிறதா என்று அறியப் பணம் செலவிடத் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு, வீடுகளில் தூங்கும் பழைய மேசைக்கணினிகள் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி உடைமையாகப் பதிவான கருவிகளை, முறையான அப்புறப்படுத்தும் ஒப்புதல் இல்லாமல் தொட வேண்டாம். தணிக்கையில் யார் பதில் சொல்வது? மின்னிணைப்பை நீக்கிய பிறகு பெட்டியைத் திறந்து, உறுப்புகளை அடையாளம் கண்டு, கழற்றி, மறுபடி பொருத்த விடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். உப்பிய மின்கலம் உள்ள மடிக்கணினியையும் கொண்டுவர அனுமதிக்காதீர்கள்.

நான்கு சனிக்கிழமைகள் போதும். எந்தப் பிள்ளை திருகாணிகளை வரிசையாக எடுத்து வைக்கிறான், எந்தப் பிள்ளை கணினி இயங்காதபோதும் சலிக்காமல் மறுபடி பார்க்கிறாள், யார் செய்ததை எழுதி வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் குறிப்பு எந்தத் துண்டறிக்கையையும்விடப் பெற்றோருக்குப் பயன்படும். பிள்ளைகளுக்குக் கலைச்சொற்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே சொல் என்னவென்று அறியச் செய்யுங்கள். மூன்று மொழியிலும் பழுதை விளக்கத் தெரிந்தவனை எந்த உதவி மையமும் விரும்பி ஏற்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இயல்பாகக் கிடைக்கும் இந்த மூலதனத்தை நாமே மதிக்காமல் இருக்கலாமா?

இறுதியாக...

கணினிப் பழுதுபார்ப்பு மானமுள்ள தொழில். அதில் நம் பிள்ளைகள் இறங்க வேண்டும், உயர வேண்டும். கையில் பழக்கம் முதலில், ஏணியுள்ள திறன் சான்றிதழ் அடுத்து, அனைத்துலகச் சான்றிதழ் அதற்கும் அடுத்து, இதுவே வரிசை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி விற்பவர்களிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்க மறுப்போம்.

அடுத்த எஸ்.பி.எம். முடிவுகள் வருமுன் உங்கள் பழைய மாணவர்களின் பெற்றோர் ஐவரைத் தொலைபேசியில் அழையுங்கள். எதிலும் கையெழுத்து இடுமுன் தாளை உங்களிடம் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். மலாயில் உள்ளதைத் தமிழில் படித்துச் சொல்ல உங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தக் குடும்பத்துக்கு அது பல ஆண்டுக் கடனை மிச்சப்படுத்தும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!